உங்க ஊர்க்காரர் சிறையில் மொழிபெயர்த்த புத்தகம்

கோயம்புத்தூர்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. மகன் வேலை மாறியது, தெருவில் தண்ணீர் வராதது எல்லாம் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கடையை மூடியதை மட்டும் மூன்றே வரியில் முடித்துவிட்டாய். அந்த மூன்று வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். எத்தனை வருஷம் ஓடிய தையல் கடை! காலேஜ் படிக்கும்போதே நம் எல்லோர் ரவிக்கையும் நீதானே தைத்தாய். கடைசியில், “தன்னம்பிக்கைப் புத்தகமெல்லாம் வயிறு நிறைந்தவர்களுக்கு” என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பதில் சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

முதலில் இங்கத்திய சேதி. இவருக்குப் பேச்சு நன்றாகத் தெளிந்துவருகிறது. வலது கைதான் இன்னும் முழுசாக வசத்துக்கு வரவில்லை. பிசியோதெரபிக்கு வீட்டுக்கே ஒரு பையன் வருகிறான், பொறுமைசாலி. சின்னவள் பிரசவத்துக்கு இங்கே வருகிறாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து இவரைக் கூட்டிவந்த புதிதில், நடுராத்திரி விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் கிடையாது. அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று மனசு ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நாட்களில்தான் நூலகத்திலிருந்து ‘மனம் போல வாழ்வு’ எடுத்துவந்தேன். உங்க ஒட்டப்பிடாரத்துக்காரர் வ.உ.சி. மொழிபெயர்த்தது. சின்னப் புத்தகம். மூலம் ஜேம்ஸ் ஆலன் என்ற இங்கிலாந்துக்காரர் 1903-இல் எழுதியது. அந்த மனுஷனும் வசதியில் பிறந்து வளர்ந்தவர் இல்லை. வேலை தேடி அமெரிக்கா போன அப்பா அங்கே கொல்லப்பட்டார். பையன் 15 வயதில் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனான்.

வ.உ.சி. அதை எங்கே இருந்து தமிழாக்கினார் தெரியுமா? சிறைக்குள் இருந்து. 1908 ஜூலையில் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை, மொத்தம் 40 வருஷம். இதே கோயம்புத்தூர் சிறையில்தான் செக்கிழுக்க வைத்தார்கள். மொழிபெயர்ப்பு 1909-இல் வெளிவந்தது. வயிறு நிறைந்தவர்களுக்கு என்று எழுதினாயே, கோமதி, சிறைக்கூழ் குடித்துக்கொண்டு ஒரு மனுஷர் இந்த வேலையைச் செய்திருக்கிறார். அதை நினைத்த ராத்திரி, விழித்துக்கொண்டு கிடப்பது எனக்குப் பாரமாகத் தெரியவில்லை. எழுந்து விளக்கைப் போட்டு நாலு பக்கம் படித்தேன்.

புத்தகம் சொல்வதையெல்லாம் அப்படியே ஒப்புக்கொள்ளவும் என்னால் முடியவில்லை. நம் எண்ணம் எப்படியோ அப்படியே நம் சூழ்நிலையும் அமையும் என்கிறார் ஆலன். அது எப்படிச் சரியாகும்? வ.உ.சி.யின் எண்ணத்தில் என்ன குறை? அவர் சிறையில் இருக்கும்போதே கப்பல் கம்பெனி கலைந்தது. தீர்ப்பைக் கேட்டுத் தம்பிக்குப் புத்தி பேதலித்தது. 1912 டிசம்பரில் வெளியே வந்தால் வக்கீல் தொழில் செய்யும் சன்னது (உரிமம்) இல்லை, சென்னையில் வறுமை. கஷ்டப்படுகிறவரைப் பார்த்து ‘உன் எண்ணத்தால் வந்தது’ என்று சொல்வது கொடுமை. உன் கடை மூடியதும் உன் எண்ணத்தால் இல்லை. ரெடிமேடும் வாடகையும் சேர்ந்து செய்த வேலை அது. எந்தப் புத்தகம் வேறு மாதிரி சொன்னாலும் அந்தப் பக்கத்தை நம்பாதே.

ஆனால் வந்ததற்கு நடுவில் மனசை எங்கே வைத்துக்கொள்வது என்பது கொஞ்சமாவது நம் கையில் இருக்கிறது. வ.உ.சி. அந்த ஒரு கதவைத்தான் பிடித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். வெளியே வந்த பிறகும் ஆலனை விடவில்லையே. 1914-இல் ஆலனின் இன்னொரு புத்தகத்தையும் ‘அகமே புறம்’ என்று தமிழில் கொண்டுவந்தார்.

படித்தால் மட்டும் போதாது, எதையாவது செய்யவேண்டும் என்பதையும் இதில் கண்டுகொண்டேன். மார்ட்டின் செலிக்மன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் கூட்டாளிகளும் 2005-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு வாரம் தினமும் ராத்திரி, அன்று நடந்த நல்லது மூன்றையும், அது ஏன் நடந்தது என்பதையும் எழுதச் சொன்னார்கள். எழுதியவர்களுக்கு ஆறு மாதம் கழித்தும் சந்தோஷம் கூடியும் மனச்சோர்வு குறைந்தும் இருந்தது. வாரம் முடிந்தபிறகும் தானாகவே எழுதிவந்தவர்களுக்குப் பலன் அதிகம். ‘ஏன்’ என்று கேட்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நாங்கள் இருவரும் அதைச் செய்கிறோம். ராத்திரி பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு, மளிகைக் கடையில் கொடுத்த டைரியை எடுத்துக்கொண்டு இவர் கட்டில் பக்கத்தில் உட்காருவேன். இவர் சொல்லுவார், நான் எழுதுவேன். போன வாரம் ஒரு நாள், “இட்லி” என்றார். காலையில் வலது கையாலேயே இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் தொட்டுச் சாப்பிட்டிருக்கிறார். நான் அடுப்படியில் நின்றிருந்ததால் பார்க்கவில்லை. ஏன் முடிந்தது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, “அந்தப் பையன் பந்தை அமுக்கச் சொன்னானே, தினமும் அமுக்குறேன்” என்றார். அதையும் எழுதினேன். மறுநாள் அந்தப் பையனிடம் வாசித்துக் காட்டியபோது அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். சாப்பாடு பிடிக்கவில்லை, தூக்கம் இல்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை என்று எழுதியிருக்கிறாய். இது வாரக்கணக்கில் நீடித்தால் டைரியும் புத்தகமும் போதாது. டாக்டரைப் பார். போக யோசனையாக இருந்தால் 14416-க்குப் போன் செய். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். மகனிடமும் சொல். உன் பாரத்தை நீ மட்டும் சுமக்கவேண்டாம்.

தையல் மிஷினை விற்றுவிடாதே. பேரனோ பேத்தியோ, எங்களுக்குப் பழைய காட்டன் புடவையில் தைத்த குழந்தைச் சட்டை அரை டஜன் வேண்டும். கழுத்தில் நாடா வைத்த மாதிரி, நம் அம்மாக்கள் தைப்பார்களே, அது. துணி பார்சலில் வருகிறது, புத்தகத்தையும் அதோடு வைத்திருக்கிறேன். உன்னால் முடிகிற நாளில் தை, அவசரம் இல்லை.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
செல்வி