தட்டைப்பயறு விதை அனுப்புகிறேன்

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, கேட்டால் இல்லை என்பார். நீ அனுப்பிய மாடித் தோட்டப் படங்களை உன் சின்ன அத்தை பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினாள். போனில் தட்டித் தட்டிப் பேச எனக்கு வராது. அதனால்தான் கடிதம்.

தக்காளிக்குக் குச்சி ஊன்றிக் கட்டியிருக்கிற நேர்த்தியைப் பெரியப்பாவிடமும் காட்டினேன். களை எடுக்கக் கூப்பிட்டால் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிற பிள்ளையா இது என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. படமெல்லாம் நல்ல உச்சி வெயிலில் எடுத்தது போலத் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை ஒன்று, வியாழக்கிழமை ஒன்று. சரி, அது இருக்கட்டும்.

அவரைக் கொழுந்தில் கறுப்பாக அப்பியிருப்பது அசுவினி. அதற்கு மருந்து அடிக்காதே. மருந்து அடித்தால் அசுவினி சாகும், அதைத் தின்ன வருகிற பொறிவண்டும் சாகும். அசுவினி சீக்கிரம் திரும்ப வந்துவிடும், வண்டு அவ்வளவு சீக்கிரம் வராது. ரொம்ப அதிகமாக இருந்தால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி விடு, போதும். வேப்பெண்ணெய் கூட எடுத்த எடுப்பில் வேண்டாம்.

பொறிவண்டை விலைக்கு வாங்கி விடலாமா என்று கேட்டிருந்தாய். எதற்குக் காசைக் கரியாக்குகிறாய்? தின்ன ஒன்றும் இல்லாவிட்டால் அது பறந்து பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். மூலையில் ஒரு பையில் தட்டைப்பயறு போடு. அதில் அசுவினி வரும், வரட்டும், கை வைக்காதே. பருத்திக்காட்டு வரப்பில் ஆத்தா தட்டைப்பயறு போட்டது காய்க்காக மட்டும் இல்லை. வாசனை பிடித்துத் தானாக வண்டு வரும். இலைக்கு அடியில் மஞ்சளாக நட்டுவைத்த மாதிரி முட்டை இருக்கும். மூன்று நாலு நாளில் பொரிந்து, குட்டி முதலை போல ஒரு கறுப்புப் புழு வரும். பார்த்தால் அருவருப்பாக இருக்கும், நசுக்கிவிடாதே. அதுதான் பொறிவண்டின் பிள்ளை. அம்மாவைவிட அதற்குத்தான் பசி அதிகம்.

செம்பருத்தியில் இருப்பது மாவுப்பூச்சி. அதிலும் நிதானமாகப் பார். கொஞ்சம் பெரிதாக, வெள்ளைச் சடை தொங்கவிட்டுக்கொண்டு சுறுசுறுப்பாக ஓடுகிற ஒன்று இருந்தால், அதுவும் ஒருவகைப் பொறிவண்டின் புழுதான். பூச்சிக் கூட்டத்துக்குள் அதே வேஷத்தில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும். முதலில் எறும்பை நிறுத்து. பூச்சி விடுகிற இனிப்புக்காக எறும்பு காவல் இருந்து, வண்டைக் கிட்டேயே விடாது. ஸ்டாண்டுக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வை. கொசு முட்டை வைக்கும், தண்ணீரை மாற்றிக்கொண்டே இரு.

கத்தரியில் மட்டும் ஏமாந்துவிடாதே. இலையைச் சுரண்டிச் சல்லடையாக்குகிற வண்டும் பார்க்கப் பொறிவண்டு மாதிரியேதான் இருக்கும். பளபளப்பு இருக்காது, உடம்பெல்லாம் புள்ளி, 28 புள்ளி வரை இருக்கும். அதன் புழு மஞ்சளாக முள் முள்ளாக இருக்கும். அதைப் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போடு.

கொத்தமல்லி முற்றிப் பூத்தால் பிடுங்காதே. அந்தச் சின்னப் பூவில்தான் குட்டிக் குளவிகளுக்குத் தேன் எட்டும். குளவி என்றதும் பாப்பா பயப்படப் போகிறாள். கண்ணுக்கே சரியாகத் தெரியாத குளவி அது, கொட்டாது.

அந்தக் குளவியை நம் வீட்டில் மறக்க முடியுமா? பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோயமுத்தூர்ப் பக்கம் வந்தது, அடுத்து நம் மல்பெரியிலும் ஏறியது. இலையெல்லாம் சுருண்டு வெள்ளையாகிவிட்டது. மருந்து அடித்த இலையைப் புழுவுக்குப் போட முடியாது, போட்டால் பட்டுப்புழு செத்துப்போகும். நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். அப்பா தினமும் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு பட்டுக்கூடு மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று கிளம்புவார். விற்கக் கூடே இல்லை. எங்கே போய் உட்கார்ந்திருந்தார் என்று இன்றுவரை சொன்னதில்லை. எனக்குத் தெரியும் என்று நானும் காட்டிக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் ஒரே தட்டில் சோறு போட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் ஏமாற்றினோம். அப்புறம் 2010-இல் போர்ட்டோ ரீக்கோவிலிருந்து அந்தக் குளவியைக் கொண்டுவந்து, வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் காட்டுக்குக் காடு விட்டார்கள். மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டை வைத்து அதை வெறும் கூடாக்கிவிட்டது. சில மாதத்தில் மல்பெரி துளிர்த்தது. போன தோட்டம் திரும்ப வந்தது, சாமி. அப்பா அந்த நாட்களில் பேசாமல் இருந்ததுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

பண்ணாரி அம்மன் குண்டம் திருவிழாவுக்கும் நீ வரவில்லை. வேலை என்றாய். சரி.

போன பட்டம் கூடு விற்ற பணம் பேங்கில் சும்மாதான் கிடக்கிறது. பாப்பாவுக்கு ஃபீஸ் கட்டுகிற மாதம் என்று அப்பாதான் ஞாபகப்படுத்தினார், நான் இல்லை. கேட்காமல் அனுப்பினால் கோபித்துக்கொள்வாய். அதனால் அனுப்பவில்லை.

மருந்து அடிக்காதே. இன்னொரு தடவை சொல்கிறேன், அவசரப்பட்டு எதையும் அடிக்காதே. வண்டு வரக் கொஞ்ச நாள் ஆகும், அதுவரை செடி தாங்கும்.

தட்டைப்பயறு விதையும் கொத்தமல்லியும் கொரியரில் போடச் சொல்லியிருக்கிறேன். அவன் பகலில்தான் வருவான். வாங்கிக்கொள்ள பகலில் வீட்டில் யார் இருப்பீர்கள் என்று ஒரு வரி போடு.

அம்மா