பெருசு வேணாம் மகள், சின்னத வாங்கு

மகள்,

சைக்கிளுக்கு வாங்க எண்டு நீ அனுப்பின மூண்டு டோர்க் ரென்ச் படத்தையும் பாத்தன், போல்ட்ட அளவு வச்சு இறுக்குற சாமான்தானே அது. போன்ல சொல்லுவம் எண்டுதான் நினைச்சன், ஆனா பெரும்போக விதைப்பு கிட்ட வந்திட்டு, பட்டிருப்புப் பாலத்தால படுவான்கரை உழவு மெசின் எல்லாம் நம்மட கராச்சுக்குத்தான் வருகுது, இந்தச் சத்தத்துக்குள்ள ஒண்டும் கதைக்கேலா. அதான் எழுதுறன், ஆறுதலா வாசி.

முதல் படத்தில இரிக்கிற பெரிய டோர்க் ரென்ச் வேணாம். விலை குறைவு, அப்பாட்டயும் இதே சாதிதானே இரிக்கி எண்டு எழுதியிருந்தாய். இரிக்கிதான், ஆனா அது இஞ்சின் ஹெட் போல்ட் இறுக்குறதுக்கு. சொக்கற் கொழுவுற தலை அரை இஞ்சி, இறுக்கம் 40 முதல் 200 நியூட்டன் மீற்றர், இனி நான் சொல்ற இறுக்க எண் எல்லாம் அந்த அளவுலதான். உன்ட சைக்கிள் ஸ்டெம்மில, ஹாண்டிலப் பிடிச்சிரிக்கிற துண்டில, என்ன எழுதியிரிக்கி எண்டு போய்ப் பாரு, 5 எண்டு இருக்கும். அந்த ரென்ச்சில 5 எண்டு ஒரு கோடே இல்ல, பிறகு எப்பிடி வைக்கிற?

சைக்கிள்ள உடையிற சாமான் எல்லாம் சின்ன போல்ட்டிலதான் கிடக்கு. ஸ்டெம் 5, சீற்றுத் தண்டப் பிடிக்கிற சீற் கிளாம்ப் 5 இல்லாட்டி 6, டிஸ்க்க நெரிக்கிற பிறேக் கலிப்பர் 6 முதல் 8, டிஸ்க்கப் பிடிச்சிரிக்கிற டி25 எண்ட நட்சத்திரக் குழி போல்ட் ஷிமானோ கொம்பனிக்கு 2 முதல் 4, ஸ்ராம் கொம்பனி எண்டா 6.2, பெடல் கொழுவுற கிராங்கின்ட இடது பக்கப் போல்ட் ரெண்டும் 12 முதல் 14. நீ அனுப்பின ரெண்டாவது படம், கால் இஞ்சி, 2 முதல் 24 வரைக்கும் போறது, இது அத்தனைக்கும் காணும். பெருசா இறுக்குற சாமான் எண்டா பின் சில்லுப் பல்லுச் சக்கரத்தப் பூட்டுற கசற் லொக் றிங் 40, பெடல் ஒரு 35, அடியில கிராங் சுத்துற பெயாறிங் இரிக்கிற பொட்டம் பிறக்கற் கப் 35 முதல் 50, அவ்வளவுதான். அதுகளுக்கு நீளப் பிடி ஸ்பேனர் போதும், 40 சென்டிமீற்றர் பிடியின்ட நுனியில 10 கிலோ பாரம் வச்ச மாதிரி அமத்தினா 40 வரும், ஒண்டு ரெண்டு கூடிக் குறைஞ்சாலும் ஒண்டும் ஆகாது. சின்னதுலதான் கை ஏமாத்தும். ஆறு மூலைச் சாவி, 10 சென்டிமீற்றர் அலன் கீயில 5 வாறதுக்கு 5 கிலோ தள்ளே காணும், நம்மட ஆக்கள் அதுக்கு மேல ஒரு இழுவை இழுக்காம விடமாட்டாங்க. இரும்பு எண்டா வளைஞ்சு காட்டும், கார்பன் பைபர் ஒண்டும் காட்டாது, வெடிச்ச புறகுதான் தெரியும். போன வருசம் பாண்டிருப்பில ஒரு பொடியன், வெளிநாட்டால வந்த கார்பன் சீற் போஸ்ட்டப் போட்டுட்டு, சீற் இறங்குது எண்டு அலன் கீயில பைப்பும் கொழுவி இறுக்கி, கிளாம்ப் பிடிக்கிற இடத்தில சரியா சுத்திவர வெடிப்பு. ஒட்டித் தா எண்டு என்னட்டக் கொண்டு வந்தான். அது ஒட்டுற சாமானா?

மூண்டாவது டிஜிட்டல். நல்லதுதான், பீப் எண்டு அடிக்கும், ஆனா மாசத்தில ஒருக்கா எடுக்கிற சாமானுக்கு பெற்றி வேற பாக்கோணும், காசும் கூட. உனக்குத் தேவையில்ல. கம்பி வளைய முள்ளு காட்டுற பழைய சாதியும் இரிக்கி, அதுக்குள்ள ஸ்பிறிங் இல்ல, பழுதாகவும் மாட்டுது, முள்ளு சைபர்ல நிக்காட்டி கையால வளைச்சு விட்டாச் சரி, எனக்கு அதான் விருப்பம். ஆனா நேருக்கு நேர நிண்டு பாத்தாத்தான் கணக்கு சரியா வரும், சீற்றுக்குக் கீழ குனிஞ்சு கிடந்து உன்னால அத வாசிக்கேலா. உனக்கு ரெண்டாவது படத்தில மாதிரி, வச்ச அளவு வந்த உடன கிளிக் அடிக்கிறதுதான் சரி. பார்க் டூல் கொம்பனியில 2 முதல் 14 வரைக்கும் ஒண்டு இரிக்கி, அதும் போதும், விலைதான் கடிக்கும். எந்தக் கொம்பனி எண்டாலும் உள்ளுக்கு அளவு சரிபாத்த கலிப்றேஷன் பேப்பர் இரிக்கா, டோர்க் ரென்ச்சுக்கான தரம் ஐஎஸ்ஓ 6789 எண்டு போட்டிரிக்கா எண்டு பாரு. ஆகக் கூடின அளவு 10க்கு மேல போற ரென்ச் நூத்துக்கு 4 வரைக்கும் பிழை விடலாம் எண்டுதான் அதில கணக்கு, 5ல அது 0.2, அதப் பத்தி யோசிக்காத.

சின்ன அளவுல கிளிக் சத்தம் மெதுவாத்தான் கேக்கும், பாட்டப் போட்டுட்டு இறுக்காத. மெதுவா இழு, முதல் கிளிக்கோட விடு, சரியா எண்டு பாக்க திருப்பி ஒருக்கா அடிச்சா அது கூடத்தான் போகும். வேலை முடிய ஸ்பிறிங்க ஆகக் குறைஞ்ச அளவுக்கு இறக்கி வை, அதுக்குக் கீழ கழட்டாத. போல்ட் கழட்டுறதுக்கு அத எடுக்கவே எடுக்காத, அதுக்கு அலன் கீ இரிக்கி.

மறுகா ஒண்டு, இது ரென்ச்ச விடப் பெரிய விசயம். நீ போடுற இறுக்கத்தில நூத்துக்கு 90 கிட்ட உராய்வுக்கே போயிரும், மிச்சம்தான் சாமானப் பிடிக்கிறது. அப்ப கறள் பிடிச்ச புரியில 5 எண்டு கிளிக் அடிச்சாலும் உள்ள ஒண்டும் பிடிச்சிருக்காது, கிறீஸ் வழிய வழியப் பூசினா அதே 5ல கூடப் பிடிச்சிரும். இஞ்ச கடல் காத்துக்கு ஒரு மாரி போனாப் போதும் போல்ட் எல்லாம் மாவாக் கொட்டும், நீயும் கடற்கரை றோட்டாலதான் வேலைக்கு ஓடுறாய், அதால முதல்ல கழட்டித் துடை, புறகு இறுக்கு. கொம்பனிப் புத்தகத்தில கிறீஸ் எண்டா கிறீஸ், இல்லையெண்டா இல்ல. கார்பன் சீற் போஸ்ட்டுக்கு கிறீஸ் வேணாம், கார்பன் பேஸ்ட் எண்டு மண் மாதிரி நறநறக்கிற ஒரு சாமான் விக்கும், அதப் பூசு, 4ல தொடங்கு, இறங்கினா 5. எழுதியிரிக்கிற எண்ணுக்கு மேல ஒரு நாளும் போகாத, அது ஆகக் கூடின அளவு.

ஸ்டெம் கழட்டினா மேல் மூடி போல்ட்டத்தான் முதல் இறுக்கோணும். அது பெயாறிங்ல ஆட்டத்த எடுக்க மட்டும்தான், ஒண்டையும் பிடிக்கிறதில்ல, அதால மெதுவா. ஹாண்டில் ஆட்டம் இல்ல, லேசாத் திரும்புது எண்ட புறகு ஸ்டெம்மின்ட பக்கத்து போல்ட் ரெண்டையும் மாறி மாறி இறுக்கு. ஹாண்டிலப் பிடிக்கிற முன் தட்டு போல்ட் நாலையும் குறுக்கால இறுக்கு, மேலயும் கீழயும் இடைவெளி ஒரே அளவா வரோணும். சில ஸ்டெம்முக்கு மேல் பக்கத்த முட்ட இறுக்கச் சொல்லுவான், புத்தகத்தப் பாத்துச் செய்.

அப்ப ரெண்டாவது படம்தான். கூட 4, 5, 6 அலன் பிட்டும் டி25ம் சேத்து வாங்கு, பெட்டியோட வராட்டி தனியாக் கிடைக்கும். வந்த உடன ஸ்டெம்மில கை வைக்காத, ஒரு பழைய போல்ட்ட எங்கயாவது பிடிச்சு நாலஞ்சு தரம் கிளிக் அடிச்சுப் பழகு. ஞாயிறு எனக்கு கராச் இல்ல, செய்யக்குள்ள வீடியோ கோல் எடு, நான் பாத்துச் சொல்றன்.

மெல்பேணுக்கு வாற ஆள் ஆரும் இருந்தாச் சொல்லு, அம்மா அரிசி மா வறுத்து வச்சிரிக்கா.

அப்பா
களுவாஞ்சிக்குடி