பத்து மைல் நடக்கப் போகிற தம்பிக்கு

சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள தம்பி,

நீ நடந்து அந்த இங்கிலாந்துச் சிப்பாய்ச் சங்கத்துக்குத் திரட்டும் காசுக்காக நாங்கள் போட்ட பிரியாணி விற்றுத் தீர்ந்தது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அக்கா முந்திக்கொள்வாள். விடியுமுன்பே கோயில் மண்டபத்துச் சமையல்கட்டில் இரண்டு பெரிய தேக்சா ஏற்றினோம். உன் சித்தி அவசரப்பட்டு மூடியைத் திறந்ததில் மசூர் பருப்பு கொஞ்சம் குழைந்துவிட்டது, ஆனால் யாரும் முகம் சுளிக்கவில்லை. டப்பா 80 ரேண்ட், கூடவே பருப்பும் தயிர் வெங்காயமும். 80 டப்பாவும் மதியத்துக்குள் காலி. அரிசி, கோழிச் செலவை நாங்களே பார்த்துக்கொண்டதால் 6,400 ரேண்டும் அப்படியே உனக்குத்தான். பவுண்டில் மாற்றினால் முந்நூறு கூடத் தேறாது என்று உன் அத்தான் கணக்குப் போட்டுக் காட்டினான். அவனுக்கு அதில் என்ன சந்தோஷமோ.

வரிசையில் நின்ற ஒரு பெரியம்மா கேட்டேவிட்டாள். “இங்கிலாந்துச் சிப்பாய்களுக்கு நாம் ஏன் காசு சேர்க்க வேண்டும்? 2025 ஜனவரியில் கொங்கோவில், கோமா நகரத்துப் பக்கம் நம் சிப்பாய்ப் பிள்ளைகள் 14 பேர் செத்தார்களே, அவர்கள் குடும்பத்துக்கு யார் தேக்சா ஏற்றினார்கள்?” கேள்வி நியாயம்தான். நம் முன்னாள் சிப்பாய்களுக்கான சவுத் ஆப்பிரிக்கன் லீஜன்காரர்கள், போரில் செத்தவர்களின் நினைவுக்கான பாப்பிப் பூவும் உண்டியலுமாக நிற்கும்போது நம் ஆட்கள் பார்க்காத மாதிரி போவதையும் பார்த்திருக்கிறேன். அதற்கும் ஒருநாள் செய்வோம், இன்றைக்கு என் பிள்ளை கேட்டிருக்கிறான் என்றேன். வேறு என்ன சொல்வது? எத்தனையோ சங்கம் இருக்க, நீ ஏன் இந்தச் சங்கத்துக்குக் கேட்கிறாய் என்று எனக்கே நீ சொல்லவில்லையே.

நவம்பரில், போரில் செத்தவர்களை நினைத்து மௌனம் காக்கும் நாளில், சிட்டி ஹால் எதிரே இருக்கும் போர் நினைவுச் சின்னத்துக்குப் போயிருந்தேன். தாத்தாவின் மெடலை வலது பக்கம் குத்திக்கொண்டேன். அவரவர் மெடல்தான் இடது பக்கமாம், ஒரு கிழவர் சொல்லித் திருத்தினார். அந்த இரண்டு நிமிட மௌனம் நம் நாட்டில் பிறந்தது, உனக்குத் தெரியுமா? 1918 மே மாதம், கேப் டவுன் மேயர் ஹாரி ஹேண்ட்ஸ், நண்பகல் பீரங்கி வெடித்ததும் ஊரே அசையாமல் நிற்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அவர் மகன் பிரான்சில் இறந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த வழக்கத்தை இங்கிலாந்து ராஜா வரைக்கும் கொண்டுபோன பெர்சி ஃபிட்ஸ்பாட்ரிக்கும் 1917-இல் பிள்ளையைப் போரில் பறிகொடுத்தவர். பிள்ளையை இழந்த அப்பன்களே இரண்டு நிமிடம்தான் கேட்டார்கள். நீ கிறிஸ்துமஸிலிருந்து வாய் திறக்கவில்லை. கட்டைவிரல் படம் அனுப்புவதெல்லாம் பேச்சு இல்லை, தம்பி.

சாப்பிடுகிறாயா? காசு திரட்டும் உன் இணையப் பக்கத்தில் நீ போட்டிருக்கும் படத்தில் கழுத்தெலும்பு தெரிகிறது. இரவில் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுக்காதே.

நீ நடக்கப் போவது பதினாறு கிலோமீட்டர் என்று அக்கா சொன்னாள். மாரிட்ஸ்பர்க்குக்கும் டர்பனுக்கும் நடுவே தொண்ணூறு கிலோமீட்டர் போல ஓடுகிற காம்ரேட்ஸ் ஓட்டம் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது எம்மாத்திரம்! அந்த ஓட்டப் பாதையில் வரும் 45த் கட்டிங் ஓரத்தில் ஆரஞ்சுச் சுளை நீட்டிக்கொண்டு நின்றவன் நீ. அதையும் போரில் செத்தவர்களின் நினைவாகத்தானே தொடங்கினார்கள். விக் கிளாப்பம், ரயில் எஞ்சின் டிரைவர், கிழக்கு ஆப்பிரிக்காவில் முதல் உலக யுத்தத்தில் கால் தேய நடந்தவர், கெஞ்சிக் கெஞ்சி அனுமதி வாங்கி 1921 மே 24 அன்று நடத்திக் காட்டினார். 34 பேர் மாரிட்ஸ்பர்க்கில் புறப்பட்டார்கள். நம் ஆட்களையும் கறுப்பர்களையும் 1975 வரை முறைப்படி சேர்க்கவில்லை என்று உன் அப்பா ஒவ்வொரு வருஷமும் திட்டுவார். திட்டிக்கொண்டே ஆரஞ்சும் வெட்டுவார். கெடு நேரம் முடிந்ததும், ஓடி வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று ஒருவர் துப்பாக்கி வெடிப்பாரே, அதற்கு நீ அழுதாய். கோட்டுக்கு நாலடி முன்னால் நின்றுபோன ஆளை ஏன் உள்ளே விடவில்லை என்று வீடு வரும்வரை கேட்டாய். உன் நடைக்கு அப்படி ஒரு கெடு இல்லையாம். மெதுவாகவே நட. தூங்கி எழுந்து நட.

உன் பெண்டாட்டி என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நானும் எதுவும் கேட்கவில்லை.

தாத்தாவைப் பற்றி உனக்குத் தெரிந்தது பாதிதான். இரண்டாம் உலக யுத்தத்தில் வட ஆப்பிரிக்காவில் லாரி ஓட்டினார், இந்திய மலாய்ப் படையில். நம் நிறத்தவர் கையில் துப்பாக்கி கொடுக்கவில்லை, குண்டு விழும் இடத்துக்கு மட்டும் அனுப்பினார்கள். திரும்பி வந்தபின் தீபாவளி என்றால் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வெடிச்சத்தம் ஓயும்வரை சோறு கூட வேண்டாம். சில இரவு கத்துவார். அப்போது உன் ஆயா உள்ளே ஓடமாட்டார். வாசற்படியில் நின்று கரண்டியால் நிலையைத் தட்டுவார், மெல்ல, தாத்தாவுக்கு விழிப்பு வரும்வரை. தூக்கத்தில் தொட்டால் அவர் கை யார் கழுத்துக்குப் போகும் என்று தெரியாது. அக்கம்பக்கத்தார் காத்து கருப்பு என்றார்கள், கயிறு கட்டினார்கள். அவரும் கட்டிக்கொண்டார், பாவம். காலையில் எல்லாரும் ஒன்றும் நடக்காத மாதிரி டீ குடிப்போம்.

அக்காவை வைத்து உன் சங்கத்தைப் பற்றிப் படித்துக் காட்டச் சொன்னேன். காம்பாட் ஸ்ட்ரெஸ். மனம் நொந்து திரும்பும் அந்த ஊர்ச் சிப்பாய்களுக்காக 1919-லேயே தொடங்கியதாம். பார், தாத்தா லாரி ஏறுவதற்கு இருபது வருஷம் முன்பே அங்கே ஒருவருக்கு இந்த யோசனை வந்துவிட்டது. இங்கே ஆயாவிடம் இருந்தது ஒரு கரண்டி.

நீ ஆப்கானிஸ்தானில் ஹெல்மண்டிலிருந்து வந்தபோது இசிபிங்கோ மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டதை முடித்தேன், எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்தேன். ராணுவ உடுப்பில் நீ நிற்கும் படம் இன்னும் ஹாலில்தான் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களிடம் நானே காட்டுவேன், அதில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். ஓர் இடத்துக்குக் காசு திரட்டிக் கொடுக்கிறவன் அதே இடத்துக்குள் போய் உட்காரக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. போனால் ஊரில் யாருக்கும் தெரியவேண்டியதில்லை. தெரிந்தாலும், பேசுகிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அந்தப் பெரியம்மாவையே சமாளித்தவள் நான்.

பணம் திங்கட்கிழமை வந்துவிடும், அத்தான் உன் இணையப் பக்கத்தில் என் பேரிலேயே போடுவான். அப்புறம், பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டேன். விசாவுக்கு நீ அழைத்ததாக ஒரு கடிதம் இருந்தால் நல்லதாம், இந்த வாரமே எழுதி அனுப்பு. வேண்டாம், குளிர், செலவு என்று ஆரம்பிக்காதே. டிக்கெட்டுக்கு என்னிடம் இருக்கிறது. மார்ச்சில் அங்கே நடக்க எந்த மாதிரி ஷூ வாங்க வேண்டும் என்று மட்டும் சொல். பத்து மைல் என்னால் ஆகாது, கடைசி ஒரு மைல் உன்னோடு நடப்பேன்.

அன்புடன்,
அம்மா