அந்த ஒப்பாரியை அழிக்க மாட்டேன், அக்கா

அக்கா,

உங்கம்மா, என் பெரியம்மா, அவங்க திதிக்கு முன்னாடி, அவங்களுக்காகத் தெருவுல பாடின ஒப்பாரிப் பதிவை என் போன்லேர்ந்து அழிச்சிடணும்னு சித்தப்பாகிட்ட சொல்லி அனுப்பியிருந்த. அழிக்கப் போறதில்ல. உனக்கு மட்டும் சொல்லலாம்னா என் நம்பரை பிளாக் பண்ணி வெச்சிருக்க. அதனால ஊரே படிக்கிற எடத்துல எழுதறேன். நம்ம சொந்தத்துல பாதிப் பேர் இதைப் படிப்பாங்க. அதனால ஆஸ்பத்திரியில நடந்தது எதையும் எழுதல. தம்பி விஷயமும் வேண்டாம்.

2021 மே மாசம், கொரோனா ஊரடங்குல சேலத்துல நம்ம குகைப் பகுதி இருந்த இருப்பை நீ பாக்கல. ஏற்காட்டு மலைமேல காய்ச்சலோட கதவைச் சாத்திக்கிட்டுக் கெடந்த. பயணத்துக்கு இ-பதிவு போட்டாலும் பாசிட்டிவ் வந்தவளை இருபது கொண்டை ஊசி வளைவையும் யாரு எறங்க விடுவாங்க? அதை நான் ஒரு நாளும் குத்தமா சொன்னதில்ல.

இங்க சத்தமே இல்லாம போச்சுக்கா. 24ஆம் தேதிக்கு மேல மளிகைக் கடையும் மூடியாச்சு. காய் வண்டி வரும், ஆம்புலன்ஸ் வரும், அவ்வளவுதான். இரும்பாலையில 500 படுக்கை போட்டுட்டாங்கன்னு கேட்டப்ப, அத்தனை பேருக்கு வேணுமான்னு வயித்தைக் கலக்குச்சு. நம்ம வரிசையில சாவு விழுந்த வீடு ஒண்ணு ரெண்டில்ல. ஒரு வீட்டுலயும் அழுகை கேக்கல. சாவுக்கு 20 பேர் கூடலாம்னு உத்தரவு இருந்துச்சு. உடம்பே வீட்டுக்கு வரலைன்னா 20 பேரும் எதைச் சுத்தி உக்கார்றது? பாடை இல்ல, கோடித்துணி இல்ல, சங்கு ஊத ஆளில்ல.

கடைசி வீட்டு அண்ணன் சம்சாரத்தை எரிச்சிட்டு வந்து தறி ஓரமா உக்காந்தவருதான். சோறு வெச்சா தட்டையே பாப்பாரு. 104 உதவி எண்ணுக்குப் போன் போட்டுக் கையில குடுத்தோம். அந்தப் பொண்ணு பொறுமையாத்தான் பேசுச்சு, மனசு விட்டு அழுங்கன்னு சொல்லுச்சு. "எப்படிம்மா?"ன்னு கேட்டாரு.

பெரியம்மா போன மூணாம் நாள் சாயங்காலம் எதிர்வீட்டு ஆயா வாசப்படியில வந்து உக்காந்துச்சு. மாஸ்க்கைக் கழுத்துக்கு எறக்கிட்டு எடுத்துச்சு பாரு:

சேர்வராயன் மலையோரம்
செவப்பு மேகம் கூடுதம்மா
சீமாட்டி பெத்த மக
சேதி கேட்டும் காணலியே

கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுவுற சனம் நம்ம சனம். அன்னிக்கு ஆளுக்கு ஒரு வாசப்படி, நடுவுல தெரு. அவங்கவங்க மாரை அவங்கவங்களே அடிச்சுக்கிட்டாங்க. நாலாவது அடி வர்றதுக்குள்ள அது பெரியம்மா பாட்டா இல்ல. ஒருத்தி புருஷனைக் கூப்புட்டா, ஒருத்தி அண்ணனை. கடைசி வீட்டு அண்ணன் கதவைத் தொறந்துக்கிட்டு வந்து கத்தினாரு, ஆம்பளை அழுது நான் அப்படிக் கேட்டதில்ல. அன்னிக்கு ராத்திரி சாப்புட்டாரு. அப்புறம் வீட்டுக்கு ஒரு சாயங்காலம்னு அவங்கவங்க சாவுக்கு அழுதோம், ஊரடங்கு தளர்ற வரைக்கும்.

உனக்கும் கேக்கட்டும்னுதான் நான் போன் போட்டேன். நாலாவது அடியில நீ கட் பண்ணிட்ட.

அது உன்னைத் திட்டினது இல்லக்கா. வராதவங்களைக் கேக்காத ஒப்பாரி உண்டா? என் மாமியார் செத்தப்ப எதிர்ல உக்காந்திருந்த என்னையே ஏசிப் பாடினாங்க, நானும் சேந்துதான் மாரடிச்சேன். உனக்கு அந்த நேரத்துல அது எப்படிப் பட்டிருக்கும்னு தெரியுது. அதுக்கு வருத்தப்படறேன். பாடினதுக்கு வருத்தமில்ல. ஆனா ஒண்ணு, அந்த வருஷம் தையிலயும் மாசியிலயும் பாதை தொறந்துதான் கெடந்துச்சு. இதோட விடறேன்.

பதிவை வெளிய அனுப்பி உன் மாமியார் வீடு வரைக்கும் போக வெச்சது நான் இல்ல. யாருன்னு தெரியும், இங்க சொல்ல மாட்டேன்.

"என் அம்மா சாவைத் தெருவே எடுத்துக்கிச்சு"ன்னு சொன்னியாம். எடுத்துக்கிட்டோம்தான். பெரியம்மா இருந்தா குடுத்திருக்கும். மறு வருஷம் ஆடியில மாரியம்மன் பண்டிகை வண்டி வேடிக்கை திரும்ப வந்தப்ப பெரியம்மா நிக்கிற எடத்துல யாரும் நிக்கல தெரியுமா? நீ வருவேன்னு நெனச்சேன்.

ஆயாவுக்கு இப்ப காது சரியாக் கேக்கல, பாட்டும் பாதி மறந்துபோச்சு. அந்தப் பதிவுல நீ கட் பண்ணினதுக்கு அப்புறம்தான் நெறைய இருக்கு. காய்ச்சலோட கெடக்குற மகளுக்குன்னு ஆயா தனியா பாடினது ஒரு எடத்துல வருது. அந்த அடியை இங்க எழுத மாட்டேன், ஊர் படிக்க அது பாடல. திதிக்கு வந்தா உன் போன்லயே ஏத்தித் தரேன். தம்பி வீட்டுல தங்க வேண்டாம்னா எங்க வீட்டு மாடி அறை காலியாத்தான் கெடக்கு. வர்றதா இருந்தா சித்தப்பாகிட்ட சொல்லி அனுப்பு.