கிளம்ப நினைத்தால் கிளம்ப முடிந்ததா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கூட்டு வாழ்க்கை என்றாலே தனிமனிதன் நசுங்கிப்போவான் என்று எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. சோவியத் நாட்டில் 1932இல் நகரத்தாருக்கு உள்நாட்டுக் கடவுச்சீட்டு, அதாவது நாட்டுக்குள்ளேயே இடம்பெயரத் தேவையான அடையாளச் சீட்டு, கொடுக்க உத்தரவிட்டார்கள், கூட்டுப் பண்ணை விவசாயிகளில் பெரும்பாலோருக்கு அதைக் கொடுக்க 1974இல்தான் முடிவெடுத்தார்கள், அதுவரை ஊரைவிட்டுப் போக அனுமதி கேட்டு நிற்க வேண்டும். இன்றைய இஸ்ரேலில் உள்ள தெகானியாவில் 1910இல் தொடங்கிய கிப்புட்ஸ் என்ற யூதக் கூட்டுக் குடியிருப்புகளிலும் அந்நாளில் உழைப்பு பொது, சாப்பாட்டுக்கூடம் பொது, சட்டைகூட பொதுச் சலவையிலிருந்துதான் வந்தது. ஆனால் பொதுக்கூட்டத்தில் ஆளுக்கு ஓர் ஓட்டு, பிடிக்கவில்லையா, வெறுங்கையோடுதான் என்றாலும் கிளம்ப முடிந்தது.

சரி, அங்கேயும் வலி உண்டு. பல கிப்புட்ஸ்களில் குழந்தைகள் இரவில் அம்மா பக்கத்தில் படுக்காமல் குழந்தைகள் இல்லத்தில்தான் தூங்கினார்கள். அந்தக் குழந்தைகளை யாரும் கேட்கவில்லையே, அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்