நாலு குச்சி விவகாரம்

அன்புள்ள மாப்ள,

நலம், நலமறிய ஆவல். இத்தனை நாள் எழுதாததற்கு நீ திட்டப்போவது தெரியும். திட்டிக்கொள், ஆனால் முதலில் இதைப் படி. உன் புது கம்ப்யூட்டரில் இன்னொரு ஜோடி ராம் (மெமரி) குச்சி போடப்போகிறாய் என்று நம் சிநேகிதன் நீதிபதி சொன்னான். ஆர்டர் போட்டுவிடாதே. போட்டிருந்தால் பெட்டியைப் பிரிக்காதே.

என் கதையைக் கேள். என்னிடம் இருந்தது ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசை பிராசஸர் போட்ட மெஷின். அதில் டிடிஆர்4 ரக ராம், 16 ஜிபி குச்சிகள் 2, பெட்டியில் வேகம் 3600 என்று பெரிதாக எழுதியிருக்கும். அந்த வேகத்தைக் கொண்டுவரும் எக்ஸ்எம்பி செட்டிங்கைப் போட்டதும் 3600-லேயே ஓடியது, ஒரு நாளும் முரண்டு பிடித்ததில்லை. வீடியோ வேலைக்கு 32 ஜிபி போதவில்லை. அதே பெயர், அதே மாடல் எண் பார்த்து இன்னொரு ஜோடி வாங்கிப் போட்டேன். 64 ஜிபி என்று காட்டியது. பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் செட்டிங் திரை) எக்ஸ்எம்பி போட்டேன். திரை வரவே இல்லை. தானாக அணைந்து அணைந்து எழுந்தது, கடைசியில் 2133-இல் வந்து உட்கார்ந்துகொண்டது.

பெட்டியில் இருக்கும் எண்ணைப் பற்றி நாம் யாரும் யோசிப்பதே இல்லை. ஜெடெக் என்ற தர அமைப்பின்படி, எந்த மதர்போர்டிலும் சிக்கலில்லாமல் எழுந்திருக்கும் சாதாரண வேகம் ஒன்று குச்சியிலேயே ஒரு சின்ன சிப்பில் பதிவாகியிருக்கும். நாம் ஒன்றும் செய்யாவிட்டால் அதில்தான் ஓடும். 3600 என்பது அதே சிப்பில் தனியாக எழுதி வைத்த இன்னொரு கணக்கு: இந்த வேகம், இந்தத் தாமதக் கணக்கு (டைமிங்), 1.2-க்குப் பதில் 1.35 வோல்ட். இன்டெல் அதற்கு வைத்த பெயர் எக்ஸ்எம்பி, உன் டிடிஆர்5-க்கு ஏஎம்டி வைத்த பெயர் எக்ஸ்போ. இரண்டும் ஓவர்கிளாக்கிங், அதாவது உத்தரவாத வேகத்தைத் தாண்டி ஓட்டும் கணக்கில்தான் சேரும். ராம் கம்பெனி தன் குச்சிக்குப் பொறுப்பு. பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் அதைத் தாங்குமா என்பதற்கு யாரும் கையெழுத்துப் போடவில்லை.

என் பிராசஸருக்கு ஏஎம்டி சொல்வதைப் பார்: 2 குச்சி என்றால் 3200. 4 குச்சி, அதுவும் என்னுடையதைப் போல டூயல் ரேங்க் (ஒரே குச்சியில் சிப்கள் இரண்டு அணியாக இருப்பது) என்றால் 2667. அவ்வளவுதான் உத்தரவாதம். அப்புறம், ஒரே மாடல் எண் என்பதால் உள்ளே ஒரே சிப் இருக்கும் என்றும் இல்லை, கம்பெனி நடுவில் மாற்றிவிடும். ஜோடியாக விற்பது அந்த இரண்டையும் சேர்த்துச் சோதித்ததால்தான். இரண்டு ஜோடியைச் சேர்த்து யாரும் சோதிக்கவில்லை.

சரி, குறைத்துப் பார்ப்போம் என்று 3466 வைத்தேன். விண்டோஸ் அழகாக எழுந்தது. டாஸ்க் மேனேஜரில் பார்த்து சந்தோஷப்பட்டேன். (நீதிபதி சிபியு-இசட் என்ற புரோகிராமில் 1733 என்று பார்த்துவிட்டு, "பாதியை ஆட்டையைப் போட்டுட்டாங்க" என்று குதித்தான். டிடிஆர் என்றாலே ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு போகும் என்று நான் சொல்லி அவன் கேட்டுவிடுவானா? கேரம் போர்டில் காயை எண்ணிய அதே ஆள்.)

இனி விளையாட்டு இல்லை. அப்பாவின் கணக்கு நோட்டுகளை ஸ்கேன் செய்துகொண்டிருந்தேன் அல்லவா, அதையெல்லாம் ஒரே ஜிப் கோப்பாக்கி இன்னொரு டிஸ்க்கில் போட்டேன். திறந்தால் சிஆர்சி பிழை, அதாவது உள்ளே இருப்பது சரிபார்ப்பு எண்ணோடு பொருந்தவில்லை. மறுபடி செய்தேன், இந்த முறை வேறொரு பக்கம் கெட்டிருந்தது. சந்தேகத்தில் பென்டிரைவிலிருந்து, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓட்டினேன். திரையில் பிழை காட்டும் சிவப்பு வரிகள்.

மூலப் படங்கள் பத்திரம், பயப்படாதே. ஆனால் யோசித்துப் பார். மெஷின் நின்றுபோயிருந்தால் எரிச்சலோடு போயிருக்கும். இது நிற்காமல், சிரித்த முகத்தோடு தப்பாக எழுதியது. ஜிப்பில் சரிபார்ப்பு எண் இருந்ததால் பிடிபட்டது. வெறுமனே நகலெடுத்திருந்தால் என்றைக்குத் தெரிந்திருக்கும்? அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, மாப்ள.

இப்போது நாலும் 3200-இல், சிஎல்16-இல் (கேட்ட தரவு வர 16 துடிப்பு தாமதம்) ஓடுகின்றன. மெம்டெஸ்டில் நாலு சுற்றும் சுத்தம். நஷ்டம் என்று பார்த்தால், 3600 சிஎல்18-க்கும் இதற்கும் அந்த சிஎல் தாமதம் ஒன்றேதான், 10 நானோசெகண்ட். தரவு கடத்தும் அளவு மட்டும் நொடிக்கு 57.6 ஜிபியிலிருந்து 51.2-க்கு இறங்கியது. வேலையில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. 2133-இல் விட்டிருந்தால் அது 34 ஜிபிதான், அது மட்டும் உறைக்கும்.

உன் விஷயம் இதைவிட மோசம். நீ வைத்திருப்பது ரைசன் 7000. 2 குச்சிக்கு ஏஎம்டி சொல்வது 5200, அதற்கு மேல் எக்ஸ்போவில் நீ 6000 ஓட்டுகிறாய். நாலு குச்சி போட்டால் அவர்கள் சொல்வது 3600! டிடிஆர்5 வாங்கிவிட்டு என் பழைய குச்சியின் வேகத்தில் ஓட்டுவாயா? 64 வேண்டுமென்றால் 32 ஜிபி குச்சி 2 உள்ள ஒரே ஜோடியாக வாங்கு, இருப்பதை விற்றுவிடு. எந்த ராம் ஓடும் என்று உன் போர்டு கம்பெனி வெளியிடும் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று பார். முதலில் பயாஸைப் புதுப்பி. குச்சிகளைச் செருக வேண்டியது, பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நாலாவது ஸ்லாட். பெரும்பாலான போர்டில் அதுதான், மேனுவலையும் ஒரு தடவை பார்த்துக்கொள். முதல் தடவை எழும்போது மெமரி ட்ரெயினிங் (புது ராமுக்கு மெஷின் தன்னைப் பழக்கிக்கொள்வது) என்று சில நிமிஷம் திரை கருப்பாகவே இருக்கும். அந்த நேரத்தில் பவரைப் பிடுங்கிவிட்டு எனக்கு போன் போடாதே, ஹாஸ்டல் டிவிக்கு நீ செய்ததை யாரும் மறக்கவில்லை.

நான் பிறகு வாங்கிய ஜோடியைக் கேட்டு ஆள் அனுப்பாதே. என் டிடிஆர்4, உன் டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்தான், ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு வேறு இடத்தில், உன் போர்டில் இறங்காது.

அண்ணியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல். மெம்டெஸ்ட் ஓட்டிவிட்டு எத்தனை பிழை என்று எழுது. ஒன்றே ஒன்று வந்தாலும் வேகத்தைக் குறை, "ஒண்ணுதானே" என்று என்னிடம் வாதாடாதே.

உன்,
ஒட்டடைக்குச்சி