ஈரல் கொழுப்புக்கு மூலிகைக் குளிசை

ஆசிரியருக்கு,

ஈரலில் கொழுப்புப் படிவதற்கு மூலிகைகளில் மருந்து இருக்கிறது என்று கடந்த வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் வாசித்தேன். மஞ்சளின் குர்குமின், மரமஞ்சளின் பெர்பெரின், மில்க் திசில் என்ற முட்செடியின் சிலிமரின் எல்லாம் வந்தன. எவ்வளவு, எத்தனை நாள், யாருக்குக் கூடாது என்பது மட்டும் வரவில்லை.

நான் ஓய்வுபெற்ற மருந்தாளர். மூலிகைக்கு எதிரியில்லை. சீனி வருத்தக்காரர் விழுங்கும் மெட்ஃபோர்மினின் மூதாதையே கலேகா என்ற செடிதான். ஆனால் சாற்றைப் பிரித்து, அளந்து, நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்த பிறகுதானே அது மருந்து? சிலிமரினை மலேசியாவில் அப்படிப் பார்த்தார்கள்: 700 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, 48 வாரம். 2017இல் வெளிவந்த முடிவில், முக்கியமாக எதிர்பார்த்த முன்னேற்றம் ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த, மருந்தில்லாத போலிக் குளிசை குடித்தவர்களைவிடக் குறிப்பிடும்படி கூடவில்லை. ஈரல் தழும்பு குறையலாம் என்ற அறிகுறி தெரிந்தது. அதையும் பெரிய ஆய்வில் உறுதிசெய்ய வேண்டும் என்று அவர்களே எழுதினார்கள்.

மஞ்சள் கதை வேறு. கறியில் போடும் மஞ்சளில் குர்குமின் கொஞ்சம்தான், அதுவும் உடம்பில் லேசில் சேராது. அதனால் குளிசைக்காரர்கள் மிளகின் பைப்பரினைக் கலக்கிறார்கள். 1998இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், அப்படிக் கலந்தபோது இரத்தத்தில் சேரும் அளவு சுமார் 20 மடங்கு கூடியது. இந்த வகைக் குளிசைகளைக் குடித்து ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவுகள் இருக்கின்றன. அம்மா வைக்கும் மீன்குழம்பை இதற்காகக் குறை சொல்ல வேண்டாம்! கிரீன் டீயும் அப்படித்தான். கோப்பையில் குடிப்பதில் பயமில்லை. செறிவூட்டிய சாற்றுக் குளிசையால்தான் ஈரலுக்குக் கேடு வரலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது.

பெர்பெரின் சீனியைக் குறைக்கும். ஏற்கெனவே சீனிக் குளிசை எடுப்பவர் டொக்டரிடம் சொல்லாமல் இதையும் சேர்த்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கக்கூடும். எங்கள் ஊரில் ஸ்கான் துண்டில் 'ஃபற்றி லிவர்' என்று கண்டவுடன் வட்ஸ்அப்பில் போத்தலுக்கு ஓடர் போடுகிறவர்கள் அதிகம். எடை கூடியவர் 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் ஈரல் கொழுப்பும் அழற்சியும் குறைகின்றன என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. அதை விற்க ஆளில்லை, அவ்வளவுதான்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள். மஞ்சட்காமாலைக்கு வழிவழியாகக் கொடுக்கும் கீழ்க்காய்நெல்லியை, கொழுப்பு ஈரல் உள்ளவர்களுக்கு அளவோடு கொடுத்து, ஆங்கில வைத்தியர்களும் சேர்ந்து இரத்தமும் ஸ்கானும் பார்த்து ஓர் ஆய்வு செய்யலாமே? அடுத்த முறை மூலிகைக் கட்டுரை போடும்போது, அந்த வளாகத்து ஆசிரியர் ஒருவரையும் ஈரல் வைத்தியர் ஒருவரையும் கேட்டு, அளவையும் எச்சரிக்கையையும் சேர்த்துப் போடுங்கள்.

வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை